ஏலத்தில் வந்த வெண்ணெய்த்தாழிக் கண்ணன்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 விஜயதசமி காலையில், லண்டன் ஹாரோவில் இருக்கும் சித்தி வீட்டில் ஒரு பார்சலைப் பிரித்தோம். அது வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சாமி படத்தை நல்ல நாள் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்று சித்தி பூஜை அலமாரிக்கு அடியில் அப்படியே வைத்திருந்தார். அந்தப் பன்னிரண்டு நாள் எங்களுக்கு எவ்வளவு பெரிய செலவு என்பது பிறகுதான் புரிந்தது.

கும்பகோணத்தில் தாத்தா வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய பலகைப் படம் உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கையில் வெண்ணெய்த்தாழியோடு கண்ணன். வீட்டை விற்றபோது அது யார் கைக்குப் போனதோ, இன்றுவரை தெரியாது. சித்தி அதை மறக்கவே இல்லை. ஓர் ஆன்லைன் ஏலத் தளத்தில் அதே மாதிரி ஒரு கண்ணனைப் பார்த்ததும் மனசு போய்விட்டது. 1880 வாக்கில் வரைந்தது, 22 காரட் தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு), மதராஸில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வீட்டுச் சொத்து என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்தது. சித்தி 345 பவுண்டுக்கு ஏலம் எடுத்தார். தபால் செலவு 18. மொத்தம் 363 பவுண்டு.

தளத்தின் பெயரும் விற்றவரின் பெயரும் இங்கே வேண்டாம். என்ன நடந்தது, எந்த இடத்தில் பிடி கிடைத்தது, எந்த இடத்தில் நழுவப் பார்த்தது என்பதுதான் அடுத்து வாங்குபவருக்கு உதவும்.

குமிழித்தாளை எடுத்ததும் உள்சுற்றாக ஒரு ஹிந்தி நாளிதழின் தாள் இருந்தது. தேதி 2023 நவம்பர். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கசக்கிக் குப்பையில் போடப் போனேன். நல்ல வேளையாகச் சித்திக்குப் படத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ரொம்பப் பளபளன்னு இருக்கேடி. நூத்தி நாப்பது வருஷத்துப் படம் இப்படியா இருக்கும்?"

தஞ்சாவூரில் அப்பாவின் பள்ளித் தோழர் ஒருவர் நாற்பது வருஷமாகத் தஞ்சாவூர் ஓவியம் வரைகிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு வீடியோவில் கூப்பிட்டு, படத்தின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தேன்.

"முகத்தை அப்புறம் பாக்கலாம் பாப்பா. முதல்ல திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டு" என்றார்.

திருப்பினோம். பழுப்பு வண்ணம் அடித்த பலகை. ஒரு மூலையில் வண்ணம் உரிந்த இடத்தில் மர ரேகை எதுவும் இல்லை. அழுத்திய மரத்தூள் மாதிரி, சாம்பல் கலந்த காக்கி நிறத்தில் உதிர்ந்தது. எம்.டி.எஃப். பலகை. அது வணிக அளவில் வந்ததே 1960களில்தான். சட்டத்தைப் பிடித்திருந்த நாலு திருகாணிகளிலும் தலையில் கூட்டல் குறி வெட்டு. அந்தத் திருகாணி 1930களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுச் சந்தைக்கு வந்தது. 1880 என்ற சொல் அந்த இரண்டு நிமிஷத்திலேயே உடைந்துவிட்டது. அதற்கு ஓவியம் தெரிந்த யாரும் தேவைப்படவில்லை.

முன்பக்கத்தைப் பார்க்க மாமா ஒரு பூதக்கண்ணாடி கேட்டார். சித்தப்பா தபால்தலை பார்க்க வைத்திருந்த பத்து மடங்கு லென்ஸ் கிடைத்தது. கண்ணனின் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். தூரிகைத் தடம் ஒன்றுகூட இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப் புள்ளிகள் பூப்பூவாகக் கூடியிருந்தன. பத்திரிகை வண்ணப்படத்தை உற்றுப் பார்த்தால் தெரியுமே, அதே புள்ளிகள். அச்சடித்த முகம். அதைச் சுற்றி மேலே எதையோ ஒட்டியிருக்கிறார்கள். கழுத்து ஆரத்தின் மணிகளைப் பார்த்தபோது இன்னொன்று கிடைத்தது. ஒவ்வொரு மணியிலும் வலது ஓரத்தில், ஒரே இடத்தில், ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுக்குமிழிப் பள்ளம். ஒரே அச்சில் வார்த்து எடுத்து வரிசையாக ஒட்டியது. கையால் மக்கு (புடைப்பாக வர வைக்கும் சுண்ணாம்புப் பசை) வைத்தவரிடம் இரண்டு மணி ஒன்றுபோல அமையாது.

அந்த வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய முறையில் பலாப் பலகை எடுத்து, அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் துணி ஒட்டுவார்கள். சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, காயவிட்டு, தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பிறகு கோட்டுருவம். நகை, தூண், மண்டப வளைவு எங்கெல்லாம் புடைப்பாக வர வேண்டுமோ அங்கெல்லாம் மக்கு. கல் பதிப்பு. அதன்மேல் தங்க ரேக்கை வெட்டி ஒட்டி, சின்னக் குச்சியால் ஒவ்வொரு பள்ளத்திலும் அழுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் வண்ணம். மாமா கண்களைக் கடைசியில்தான் எழுதுவார். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) செழித்த கலை இது. 2007-08இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு நடுத்தர அளவுப் படத்துக்கு மாமாவுக்கு மூன்று வாரம் பிடிக்கிறது. அச்சுத்தாளில் வார்ப்பு மணி ஒட்டியதைத் தங்க ரேக் என்று விற்பவர், வாங்குபவரின் பணத்தோடு அந்த மூன்று வாரத்தையும் சேர்த்துத் திருடுகிறார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

சித்திக்கு ரேக் தங்கமா பித்தளையா என்று உடனே தெரிய வேண்டும். எலுமிச்சம்பழம் எடுத்துவரக் கிளம்பிவிட்டார். மாமா போனிலிருந்தே தடுத்தார்: "சுரண்டாதேங்கோ, எதையும் தேய்க்காதேங்கோ. வந்தது வந்தபடி இருக்கட்டும்." தங்கம் இல்லை என்று நிரூபித்தாலும், நாங்கள் சேதப்படுத்திய பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்றவர் சொல்லிவிட்டால் வழக்கே திசைமாறிவிடும். தங்கத்தைப் பற்றிய கேள்வியை அப்படியே விட்டோம். எங்களிடம் இருந்த மற்றவை போதுமானவை.

புகாரை எப்படி எழுதினோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான்.

சித்தி முதலில் எழுதி வைத்திருந்தது இரண்டு பக்கம். தாத்தா வீடு, ஏமாற்றம், வயசானவளை இப்படிச் செய்யலாமா என்ற கேள்வி, 'போலி' என்ற சொல் ஏழு இடத்தில். ஒவ்வொரு வரியும் நியாயம். ஆனால் அதைப் படிக்கப்போகிறவர் தளத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஊழியர். தஞ்சாவூர் ஓவியம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஒரு பொருள் அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதியும் அவருக்கு இல்லை, அப்படிச் சொல்லவும் மாட்டார். விற்பனைப் பக்கத்தில் எழுதியதும் வீட்டுக்கு வந்ததும் ஒன்றா வேறா என்று மட்டும்தான் அவரால் பார்க்க முடியும். ஆகவே 'போலி' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். "விவரித்தபடி இல்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து மூன்றே வரி எழுதினேன். விற்பனைப் பக்கத்தில் "1880" என்று உள்ளது, பலகை எம்.டி.எஃப்., படம் 1. "கையால் வரைந்தது" என்று உள்ளது. முகத்தில் அச்சுப்புள்ளிகள், படம் 2. "இங்கிலாந்துக் குடும்பத்தில் தலைமுறையாக இருந்தது" என்று உள்ளது. சட்டத்தைச் சுற்றியிருந்தது 2023 நவம்பர் ஹிந்தி நாளிதழ், படம் 3.

குப்பைக்குப் போகவிருந்த அந்தத் தாள்தான் படம் 3.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்பே விற்பனைப் பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பி.டி.எஃப்.ஆகவும் சேமித்துவிட்டேன். மறுநாள் அந்தப் பக்கத்தில் நுழைந்தபோது விவரம் எதையும் காணோம், ஒரே ஒரு படம்தான் மிச்சம். அந்தத் தளத்தில் பொருள் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நல்ல நாளுக்காகக் காத்திருந்ததில் எங்களிடம் பதினெட்டு நாள்தான் மீதி.

அதே இரவில் ஏலத்தின் வரலாற்றையும் எடுத்துப் பார்த்தேன். யார் எவ்வளவு கேட்டார்கள் என்பதைத் தளம் பாதி மறைத்த பெயர்களோடு காட்டும். இந்தத் தளங்களில் நாம் கொடுக்கும் உச்சத் தொகை மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. எதிராளி ஏற்ற ஏற்ற, நமக்காகத் தளமே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகும். சித்தி வைத்த உச்சம் 350. உண்மையாகப் போட்டியிட்டவர் 118 பவுண்டில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு ஒரே ஒரு ஆள். அவர் திடீரென 400 கேட்டிருக்கிறார். விலை 350ஐத் தாண்டியதும் சித்தியின் உச்சம் எதுவென்று அம்பலமாகிவிட்டது. உடனே "தொகையைத் தவறாக அடித்துவிட்டேன்" என்று காரணம் சொல்லி அந்த 400ஐத் திரும்பப் பெற்றிருக்கிறார். பத்து நிமிஷம் கழித்து 340. தளம் சித்திக்காக 345 வைத்தது. அதோடு அந்த ஆளைக் காணோம். முந்தைய முப்பது நாளில் அவர் கேட்ட ஏலங்களில் பத்துக்கு ஒன்பது இதே விற்பனையாளரிடம். எதையும் அவர் வாங்கியதாகத் தெரியவில்லை.

ஊர் ஏலங்களில் ஆள் நிறுத்தி விலையேற்றுவது பழைய பழக்கம்தான். இணையத்தில் அதற்கும் தண்டனை உண்டு. 2010இல், இபேயில் தன் பொருள்களுக்குத் தானே வேறு பெயரில் ஏலம் கேட்ட ஒருவருக்கு பிராட்ஃபோர்டு கிரௌன் நீதிமன்றம் 3,500 பவுண்டு அபராதமும் 250 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தது. பிரிட்டனில் அப்படித் தண்டனை வந்தது அதுவே முதல் முறை. அதற்கும் பத்து வருஷம் முன்னால், 2000 மே மாதம், கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கறிஞர் இபேயில் ஓர் ஓவியத்தை 25 சென்ட்டுக்கு ஏலம் விட்டார். புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்ன் வரைந்தது என்று அவர் எங்கும் எழுதவில்லை. அந்த ஓவியரின் முதலெழுத்துகளும் '52' என்ற எண்ணும் புகைப்படத்தின் மூலையில் தெரியும்படி மட்டும் பார்த்துக்கொண்டார். பழைய சாமான் விற்பனையில் வாங்கியது, பிள்ளை விளையாடியதில் ஓட்டை விழுந்துவிட்டது என்று ஒரு குடும்பக் கதை வேறு. ஏலம் 1,35,805 டாலர் வரை போனது. தன் பொருளுக்குத் தானே ஏலம் கேட்டது தெரிந்து தளம் விற்பனையை ரத்து செய்தது. பிறகு அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இந்த வழக்கைப் படித்த பிறகு எங்கள் விற்பனைப் பக்கத்தை மறுபடி வாசித்தேன். அதிலும் பாதிக்கு மேல் கதைதான். மதராஸ், தாத்தா, கப்பல் பெட்டி. பலகை என்ன மரம், அளவு எவ்வளவு, பின்பக்கம் எப்படி என்று ஒரு வரி கிடையாது. அன்றிலிருந்து, பொருளைவிடக் கதை நீளமாக இருக்கும் எந்த விற்பனைப் பக்கத்திலும் நான் பின்பக்கப் படம் கேட்காமல் நகர்வதில்லை.

விற்றவர் மூன்றாம் நாள் பதில் போட்டார். பணிவான பதில். பழைய பொருள்களைப் பின்னாளில் புதுச்சட்டம் போட்டுப் பழுதுபார்ப்பது வழக்கம் என்றார். 50 பவுண்டு திருப்பித் தருகிறேன், படத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சித்தி இளகிவிட்டார். "போனாப் போறதுடி, சாமி படம், திருப்பி அனுப்ப மனசு வரலை." கொஞ்சப் பணத்துக்குச் சம்மதித்தால் அதோடு புகார் முடிந்துவிடும் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு மாலை ஆனது. அடுத்த கடிதம்: புகாரை நீங்களே மூடிவிடுங்கள், முழுத்தொகையையும் நேராக உங்கள் வங்கிக்கு அனுப்புகிறேன், தளத்துக்கு ஏன் கமிஷன் போக வேண்டும். இந்த வலையில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தளத்தில் ஒரு முறை மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது. ஏலம் முடிந்த அன்றே சித்தியிடம் நேரடி வங்கி மாற்றமாக அனுப்பினால் 30 பவுண்டு குறைக்கிறேன் என்று கேட்டவரும் இவர்தான். தளத்துக்கு உள்ளேயே கார்டில் கட்டியதால்தான் எங்களுக்குப் பேச ஓர் இடமே இருந்தது. எல்லாப் பதிலையும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதினோம். அவர் கொடுத்த வாட்ஸ்அப் எண்ணைத் தொடவே இல்லை.

எட்டாம் நாள் தளம் எங்கள் பக்கம் முடிவு சொன்னது. படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், தபால் செலவு விற்றவருடையது. பெட்டியில் வைப்பதை ஒரே வீடியோவாக எடுத்தோம். படத்தின் மூலை உடைப்பு, ஹிந்தித் தாள், டேப், முகவரி, கடைசியில் தபால் நிலையத் தராசு எல்லாம் அதில் இருந்தன. ரசீதில் 4.2 கிலோ. பெட்டி வெறுமையாக வந்தது என்று நாலு நாள் கழித்து அவர் எழுதினார். 4.2 கிலோ ரசீதை அனுப்பினோம். அடுத்த நாள் 363 பவுண்டும் வந்து சேர்ந்தது.

பணம் வந்ததோடு என்னால் விட முடியவில்லை. விற்பனைப் பக்கத்தில் இருந்த முதல் படம் அப்படியோர் அழகு. வந்த பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைப் படத்தேடலில் போட்டால் கும்பகோணம் பக்கத்து ஓவியர் ஒருவரின் பக்கத்துக்குப் போனது. மாமாவுக்குப் பழக்கமானவர். அவர் 2021இல் வரைந்து முடித்து, தன் வீட்டுத் திண்ணையில் வைத்து எடுத்த படம். திண்ணையை வெட்டிவிட்டுப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதே படத்தோடு இன்னும் மூன்று ஏலங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் கள்ள ஏலம் பற்றிக் கொடுத்த புகாருக்கு "கவனத்தில் எடுத்துக்கொண்டோம்" என்ற ஒரு வரிதான் வந்தது. ஆனால் அந்த ஓவியர், புகைப்படம் என்னுடையது என்று பதிப்புரிமை அறிவிப்பு அனுப்பினார். மூன்று ஏலங்களும் இரண்டு நாளில் காணாமல் போயின. வாங்கியவரின் கூப்பாட்டைவிட உரிமையாளரின் ஒரு படிவத்துக்கு அங்கே வலு அதிகம். ஏமாந்தவர்கள் அசல் படத்தின் சொந்தக்காரரைத் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தன் வேலையை வைத்து வியாபாரம் நடக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. புவிசார் குறியீடு இந்த இடத்தில் கைகொடுக்கவில்லை. பிரிட்டனில் அந்தத் திட்டம் உணவு, பானம், விளைபொருள் சார்ந்தது. கைவினைப் பொருள் அதற்குள் வராது.

சட்டத்தில் ஒரு நுணுக்கம். விற்றவர் தன்னைத் 'தனிநபர்' என்று பதிந்திருந்தார். ஆனால் ஒரே நேரத்தில் அறுபது பொருள் விற்பவர் வியாபாரிதான். வியாபாரி தன்னைத் தனிநபராகக் காட்டிக்கொள்வது பிரிட்டனில் 2008 முதலே தடை. 2025 ஏப்ரலிலிருந்து புதிய சட்டத்திலும் அந்தத் தடை தொடர்கிறது. வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், இந்த மாதிரி ஏலமாக இருந்தாலும், காரணம் சொல்லாமல் பதினான்கு நாளுக்குள் ரத்து செய்யலாம். தனிநபரிடம் வாங்கினாலும் பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் எண் 0808 223 1133இல் சொன்னால் அவர்கள் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு, அதாவது வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் அரசுப் பிரிவுக்கு, அனுப்புவார்கள். நாங்கள் ஏலப் பட்டியலோடு சொல்லியிருக்கிறோம்.

இந்தியாவில் இருந்து வாங்குபவர்களுக்கு வழி வேறு. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியத்தை இந்தியாவிலிருந்து தனியார் ஏற்றுமதி செய்வது 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி குற்றம். "1880, இந்தியாவிலிருந்து நேராக அனுப்புகிறோம்" என்று ஒருவர் எழுதினால், ஒன்று வயது பொய், இல்லை என்றால் அனுப்புவதே குற்றம்.

சித்தி வீட்டுச் சுவரில் அடித்த ஆணி சும்மாவே இருந்தது. தை பிறந்ததும் சித்தியே மாமாவைக் கூப்பிட்டார். பழசு வேண்டாம், புதுசாகவே ஒரு வெண்ணெய்த்தாழிக் கண்ணன் எழுதிக் கொடுங்கள், எத்தனை மாசம் ஆனாலும் சரி என்றார். மாமா முன்பணம் வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து முதல் படம் வந்தது. கண்ணன் இன்னும் இல்லை. துணி ஒட்டிய பலகையைத் திருப்பி வைத்து எடுத்திருந்தார். பின்பக்கத்தில் மர ரேகை, பென்சிலில் அவர் கையெழுத்து, தேதி, சித்தியின் பெயர்.